மாடிக் கணக்கு, மண்டபக் கணக்கு

அத்தியாயம் 14

கூடலூர் சுந்தரலிங்கம் வீட்டு மொட்டை மாடியை விட்டு இன்றைக்கு நாம் இறங்கப் போகிறோம். அதற்கு முன், போன வாரம் படிக்காதவர்களுக்காக நாலு வார்த்தை.

பிளஸ் ஒன் படிக்கிற அனுசுயாவும் அவளோடு படிக்கிற மூன்று பேரும் சேர்ந்து ஒரு ரோபோ செய்திருக்கிறார்கள். தரையில் கிடக்கிற ஸ்பாஞ்சு பந்துகளை அள்ளி, ஆள் உயரத்தில் நிற்கிற கூடைக்குள் எறிகிற ரோபோ. அவர்களுக்கு வழிகாட்டி, அனுசுயாவின் அத்தை மகன் சசிதரன். மதுரையில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். மண்டைக்கனம் அதற்கு மேல் இரண்டு வருஷம் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது.

அவன் அம்மா பஞ்சம்மாளுக்கு இந்த ரோபோவே ஆகாது. பொழுது சாயும்வரை பெண்பிள்ளை மாடியில் நின்று பையன்களோடு கத்துவதாவது! மகன் சொல்லிக்கொடுக்கிறானே என்று பொறுத்திருந்தவள், போன வாரம் தன் தம்பியிடம், அதாவது அனுசுயாவின் அப்பா சுந்தரலிங்கத்திடம், கையடித்து வாக்கு வாங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் தேறினால் பிள்ளைகள் சென்னைக்குப் போகட்டும். தோற்றால் அன்றோடு அனுசுயா ரோபோவைத் தொடக் கூடாது.

அப்பன் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அக்கா. அக்கா சொல்லைச் சுந்தரலிங்கம் இதுவரை தாண்டியதில்லை. அக்கா மகன் சொல்லையும்தான். அந்தக் குடும்பத்தில் பிறந்த வீட்டுப் பெண்ணுக்கும் அவள் பிள்ளைக்கும் எதிர்ப்பேச்சு கிடையாது. சோற்றில் உப்பு இல்லை என்று பஞ்சம்மாள் சொன்னால், உப்பு இருந்தாலும் போட வேண்டும்.

சண்டை எதற்கு வந்தது? ஒரு எண்ணுக்கு.

அந்த ரோபோவில் பந்தை எறிவது ஒரு சக்கரம். சுற்றுகிற சக்கரத்துக்கும், எதிரே வளைந்து நிற்கிற தகட்டுக்கும் நடுவில் பந்து நுழைந்து, நசுங்கி, உருண்டு வெளியே பாயும். சக்கரம் ஓடுகிறது, தகடு சும்மா நிற்கிறது. அதனால் சக்கர விளிம்பின் வேகத்தில் பாதிதான் பந்துக்குக் கிடைக்கும். கூடையின் உயரம், நிற்கிற தூரம், எறிகிற கோணம் எல்லாம் வைத்து அனுசுயா கணக்குப் போட்டாள். சக்கரம் நிமிஷத்துக்கு இரண்டாயிரத்து எழுநூறு சுற்று சுற்ற வேண்டும் என்று வந்தது.

மாடியில் அந்த வேகத்தை வைத்து எறிந்தார்கள். பந்து கூடையைத் தாண்டிப் பக்கத்து வீட்டு மாட்டுத் தொட்டியில் போய் விழுந்தது.

சசிதரன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! குறைத்துக் குறைத்து இரண்டாயிரத்து ஐந்நூறில் கொண்டுவந்து நிறுத்தினான். எறிந்ததெல்லாம் கூடைக்குள் விழுந்தது.

"கணக்கு பேப்பர்லதான் இருக்கும் அனு. பந்து மாடியிலல்ல இருக்கு?" என்றான்.

அவள் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். தப்பு அகப்படவில்லை. தப்பு இருந்தால்தானே அகப்படும்? ஆனால் அது அவளுக்கு அப்போது தெரியாது. தனக்குத்தான் புத்தி போதவில்லை என்று மூன்று வாரமாக வாடிக்கொண்டிருந்தாள், பாவம்.

இனி ஞாயிற்றுக்கிழமை.

போட்டி நடந்தது பழனிசெட்டிபட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில். ஆடி மாதம் யார் வீட்டில் முகூர்த்தம்? மண்டபம் சும்மாதான் கிடந்தது. மணமேடையில் மதிப்பெண் பலகையை வைத்து, நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளி, நடுவில் கறுப்பு விரிப்பைப் போட்டிருந்தார்கள். விரிப்பைச் சுற்றிக் கயிறு. கயிற்றுக்கு உள்ளே மாணவர்கள் மட்டும்தான் போகலாம். வழிகாட்டியும் பெற்றோரும் வெளியே.

வெளியே ஆடிக் காற்று புழுதியை அள்ளி அடித்துக்கொண்டிருந்ததால், எல்லாக் கதவையும் சாத்தி ஏசி போட்டிருந்தார்கள்.

பஞ்சம்மாள் முன்வரிசையில், மாப்பிள்ளைக்கு அம்மாவைப் போல நடுநாயகமாக உட்கார்ந்தாள். பட்டுச்சேலை வேறு. பக்கத்தில் சுந்தரலிங்கம். அதற்கடுத்த நாற்காலியில் அவன் மனைவி பவானி, மடியில் தண்ணீர் பாட்டிலோடு.

"எம்மகன் இருக்கான்ல, தேறிருவாக," என்றாள் பஞ்சம்மாள். தேறக் கூடாது என்று போன வாரம் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டவளும் அவள்தான். மகன் பெயர் வாங்க வேண்டும், மருமகள் தோற்க வேண்டும். பாவம், அம்மன் எதைக் கேட்பாள்?

அணிக்கு மூன்று ஆட்டம். மூன்றில் எது நல்ல ஆட்டமோ அதன் மதிப்பெண்ணே கணக்கு. முதல் நான்கு அணிகளுக்குச் சென்னை.

முதல் ஆட்டம். அணியில் ஒருவனான அஜய்குமார் ரோபோவை ஓட்டி, பந்தைச் சக்கரத்துக்குத் தள்ளிவிட, சக்கரத்தை ஓடவிடுகிற பொத்தான் அனுசுயா கையில். முதல் பந்து கூடையின் வயிற்றில் பட்டுக் கீழே விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கூடைக்கே போகவில்லை. ஆட்டம் முடிந்தபோது உள்ளே விழுந்தது ஒன்றே ஒன்று. அதுவும் இன்னொரு ரோபோ மேல் பட்டு எகிறியதால்.

"பேட்டரி எறங்கிப்போச்சு, மாத்து," என்றான் சசிதரன் கயிற்றுக்கு வெளியே இருந்து.

மாற்றினார்கள். இரண்டாவது ஆட்டத்திலும் அதே கதை. பந்து ஒவ்வொன்றும் முழம் முழமாக முன்னாலேயே விழுந்தது. ஆண்டிபட்டிப் பள்ளிப் பிள்ளைகள் மறுபக்கம் சத்தம் போட்டு எண்ணிக்கொண்டு எறிந்தார்கள். ஒவ்வொரு எண்ணும் அனுசுயாவின் காதில் அறைந்தது.

"பந்து ஈரமாயிருக்கு. ஏசிக் குளிரு," என்றான் சசிதரன். அவனுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது குரலில் தெரிந்தது.

அனுசுயாவுக்கு அழுகை வந்தது. யார் முன்னாலும் அழக் கூடாது என்று கை கழுவுகிற இடத்துக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள். அங்கிருந்த பின்கதவைத் திறந்தாள்.

காற்று படாரென்று கதவை அவள் கையிலிருந்து பறித்தது. உள்ளே மேஜையில் அடுக்கியிருந்த காகித டம்ளர்கள் அத்தனையும் ஒன்றன் பின் ஒன்றாகக் கிளம்பிச் சுவரில் போய் மோதின. சமையல்காரர் ஒருவர், "யாரும்மா அது, கதவச் சாத்து!" என்று கத்தினார்.

அவள் சாத்தவில்லை. டம்ளர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூடலூர்க்காரர்களுக்கு அது காற்றே இல்லை. குமுளி மலைப் பக்கமிருந்து ஆனியில் இறங்கி, ஆடி முழுக்க ஊரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பிறந்ததிலிருந்து அதில் நிற்கிறவர்களுக்கு அது தெரியாது. காய்கிற சேலைக்கு இரண்டு கிளிப் கூடப் போடுவார்கள், அவ்வளவுதான். காற்றடிக்கிறது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

பள்ளி விட்டு வந்து சாயங்காலம்தான் மாடியில் பழகினார்கள். வெயில் கண்ணில் அடிக்கும் என்று மேற்கே முதுகைக் காட்டி, கிழக்கே பார்த்து எறிந்தார்கள். மூன்று வாரமும் அப்படித்தான். மூன்று வாரமும் அந்தக் காற்று பின்னாலிருந்து பந்தைக் கைபிடித்துக் கூடைவரை கொண்டுபோய் விட்டிருக்கிறது. கல்யாண மண்டபத்துக்குள் அதைக் கொண்டுபோய் விட யார் இருக்கிறார்கள்?

தன் கணக்கு தப்பில்லை! அனுசுயாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. மூன்று வாரமாகத் தன்னைத் தானே முட்டாள் என்று நினைத்துக்கொண்டாளே, அந்தக் கோபம்.

ஓடினாள்.

"மச்சான், காத்து! மாடியில நம்ம முதுகுக்குப் பின்னாடி காத்து இருந்துச்சு. இங்கன இல்ல. அதான் பந்து போகல. ரெண்டாயிரத்து எழுநூறு வைக்கணும்."

சசிதரன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "காத்தா? மாடியில எங்க காத்தடிச்சுச்சு?"

"எப்பவும் அடிக்கிறதுதான மச்சான்!"

"மூணு வாரம் டெஸ்ட் பண்ணிருக்கோம். ஒரு கதவத் தொறந்து பாத்துட்டு வந்து மாத்தச் சொல்ற? நம்பர் ஐந்நூறுதான். இன்னுங் கொஞ்சம் முன்னாடி போயி எறிங்க."

"கோட்டத் தாண்டுனா ஃபவுல்."

"அப்பக் கோட்ட ஒட்டி நில்லுங்க. நம்பர மட்டும் தொட்ட, நான் கயித்த விட்டுப் போயிருவேன். எங்கம்மாட்ட நீயே பதில் சொல்லிக்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவனுடைய இன்ஜினியரிங். எங்கம்மாட்ட. சசிதரன் கெட்டவன் இல்லை. தப்பு என்று ஒருவரும் சொல்லாமல் வளர்ந்த பிள்ளை, அவ்வளவுதான். அப்படி வளர்கிறவர்களுக்குத் தப்பு வரும்போது அடையாளம் தெரிவதில்லை.

பேச்சுச் சத்தம் கேட்டுப் பஞ்சம்மாள் எழுந்து வந்தாள். பின்னாலேயே சுந்தரலிங்கமும் பவானியும்.

"என்னடா, என்னவாம் இவளுக்கு?"

"நான் போட்ட நம்பர் தப்புங்கிறாம்மா."

பஞ்சம்மாள் தம்பியைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று சுந்தரலிங்கத்துக்கு ஐந்து வயதிலிருந்தே தெரியும்.

"ஆத்தா, மச்சான் படிச்சவுக. சொல்றபடி கேளு," என்றான் மகளிடம்.

"நானுந்தானப்பா படிக்கிறேன்?"

"எதுத்துப் பேசாத."

"தோத்தா நாளையிலருந்து நான் இத தொடக் கூடாதுன்னு வாக்குக் குடுத்தது நீங்க. தோக்கப் போறதும் நான். அப்ப நம்பர மட்டும் ஏன் மச்சான் வைக்கணும்?"

பதில் இல்லாதபோது அப்பாக்கள் செய்வதைச் சுந்தரலிங்கமும் செய்தான். கையை ஓங்கினான்.

அந்தக் கைக்கும் மகளுக்கும் நடுவில் பவானி வந்து நின்றாள். அதட்டவில்லை, அழவில்லை. தண்ணீர் பாட்டிலை மகள் கையில் கொடுத்தாள்.

"தண்ணியக் குடி. உள்ள போ. ஒனக்கு எது சரின்னு படுதோ அத வையி."

"பவானி!" என்றாள் பஞ்சம்மாள்.

"கயித்துக்கு உள்ள நாம யாரும் போகக் கூடாதாம் மதினி. போர்டுல எழுதிருக்காக," என்றாள் பவானி. பஞ்சம்மாள் திரும்பி முன்வரிசைக்கே போய்விட்டாள்.

கடைசி ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது. அனுசுயா கயிற்றைத் தாண்டினாள். லேப்டாப்பை மடியில் வைத்து, ஐந்நூறை அழித்து எழுநூறு போட்டாள். அதோடு ரோபோவை இயக்குகிற தன் கைக்கருவியில் இரண்டு பொத்தான்களை வேகத்தோடு இணைத்தாள். ஒன்றை அழுத்தினால் ஐம்பது சுற்று கூடும். மற்றதை அழுத்தினால் ஐம்பது குறையும்.

அஜய்குமார் எட்டிப் பார்த்தான். "சசி அண்ணன் கொன்னுருவாரு."

"அவரு கயித்துக்கு அங்கிட்டுத்தான நிக்கிறாரு? நீ வண்டிய ஓட்டு."

விசில் ஊதியது. சக்கரம் உறுமிக்கொண்டு வேகம் பிடித்தது. ரோபோ பந்துகளை அள்ளிக் கோட்டோரம் வந்து நின்றது. அனுசுயா தலையாட்டியதும் அஜய்குமார் பந்தைத் தள்ளிவிட்டான்.

பந்து அழகாக வளைந்து போனது. போய், கூடையின் முன்விளிம்பில் பட்டு, வெளியே விழுந்தது.

மண்டபம் முழுக்க 'ச்சோ' என்றது.

"சொன்னேன்ல!" கயிற்றின் மேல் சாய்ந்துகொண்டு கத்தினான் சசிதரன். "பழசுக்கே போ அனு! கொற!"

பஞ்சம்மாள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். சுந்தரலிங்கம் கண்ணை மூடிக்கொண்டான்.

"கொறைக்கிறியா?" என்றான் அஜய்குமார்.

அனுசுயா விளிம்பையே பார்த்தாள். நாலு விரல் அளவுதான் குறை. மாடியில் தள்ளிய காற்று இங்கே இல்லை, சரி. ஆனால் சும்மா நிற்கிற காற்றும் காற்றுதானே? பஞ்சு மாதிரி பந்து. போகிற வழியில் அது மறிக்காதா? பாடப் புத்தகக் கணக்கில் காற்றே கிடையாது. தள்ளுவதற்கும் கிடையாது, மறிப்பதற்கும் கிடையாது.

"கூட்டணும்," என்றாள்.

இரண்டு முறை அழுத்தினாள். இரண்டாயிரத்து எண்ணூறு. சக்கரத்தின் சத்தம் ஏறியது.

"ஏய், என்ன பண்ற!" கயிற்றுக்கு வெளியிலிருந்து மறுபடியும் அந்தக் குரல்.

பந்து கிளம்பியது. கூடையின் பின்வலையில் விழுந்து, உள்ளே உருண்டது.

அஜய்குமார் துள்ளிக் குதித்தான். குதித்த குதியில் அடுத்த பந்தை உடனே தள்ளிவிட்டான். அது விளிம்புக்குக் கீழே அடித்தது.

"பொறுடா! ஒவ்வொரு பந்தும் சக்கரத்தோட வேகத்தக் கொஞ்சம் தின்னுட்டுத்தான் போகும். திரும்ப ஏறட்டும். சத்தத்தக் கேளு. இப்ப விடு."

விழுந்தது.

"பொறு. இப்ப."

விழுந்தது.

ஆண்டிபட்டிப் பிள்ளைகள் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். அனுசுயாவுக்கு மண்டபம் தெரியவில்லை, அத்தை தெரியவில்லை. சக்கரத்தின் உறுமல் மட்டும் கேட்டது. அது ஏறும்வரை பொறுத்தாள், ஏறியதும் விடச் சொன்னாள். மணி அடித்தபோது கூடை பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

பலகையில் பெயர்கள் மாறின. கூடலூர் நான்காவது இடத்தில் வந்து நின்றது.

பவானி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இவ்வளவு நேரம் அழாதவள்.

பஞ்சம்மாள் எழுந்து நின்று கையைத் தட்டினாள். பக்கத்து நாற்காலிக்காரி யார் எவர் என்றுகூடப் பார்க்காமல், "எம்மகன் போட்ட கணக்கு! மதுரையில படிக்கிறான்!" என்றாள். பையிலிருந்த லட்டு டப்பாவைத் திறந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுத்தாள். சசிதரன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மறுக்கவும் இல்லை.

கயிற்றைத் தாண்டி வந்த மகளைச் சுந்தரலிங்கம் தூணோரம் இழுத்துப் போனான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"ஜெயிச்சுட்ட ஆத்தா. நான் பாத்தேன், நீதான் மாத்துன. ஆனா விட்ரு. மச்சான் கணக்குன்னே இருந்துட்டுப் போகட்டும். அத்தை சந்தோசமா இருக்காக. நீ சென்னைக்குப் போலாம், ரோபோ செய்யலாம், யாரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாக. ஒனக்கு வேண்டியது கெடச்சிருச்சுல்ல?"

நியாயமான பேரம்தான். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும், எல்லாம் கிடைக்கும். எத்தனை வீட்டில் எத்தனை பெண்கள் இந்தப் பேரத்துக்கு ஒத்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கிறார்கள்! பவானியைக் கேட்டால் ஒரு வண்டி சொல்லுவாள்.

அனுசுயா பதில் சொல்வதற்குள் நடுவர் அம்மா ஒருவர் வந்துவிட்டார். கழுத்தில் நீல அட்டை, கையில் பேனா.

"கூடலூர் டீம்தானே? ரெண்டு ஆட்டம் முழுக்கக் குறைவா விழுந்தது, மூணாவதுல சரியாயிடுச்சு. வேகத்தை யார் முடிவு பண்ணீங்க?"

பஞ்சம்மாள் லட்டுக் கையோடு மகனை முன்னால் தள்ளினாள். "சொல்லுடா! இவந்தான் மேடம், எம்மகன்."

சசிதரன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

சுந்தரலிங்கம் மகளின் தோளை மெல்ல அழுத்தினான். அந்த அழுத்தலில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"நான்," என்றாள் அனுசுயா. "ரெண்டாயிரத்து எழுநூறு என் கணக்கு. எண்ணூறு ஆட்டத்துக்கு நடுவுல நான் கூட்டுனது. ஐந்நூறு எங்க மாடிக்கு உள்ள நம்பர் மேடம். எங்க ஊருக் காத்துல எறிஞ்சு பாத்து வச்சது."

நடுவர் சிரித்தார். எதையோ குறித்துக்கொண்டு, "மேடையில இதையே சொல்லு," என்று போய்விட்டார்.

"அப்ப எம்மகன் போட்டது தப்பா?" என்றாள் பஞ்சம்மாள். குரல் இறங்கியிருந்தது. அவள் குரல் இறங்கினால்தான் பயப்பட வேண்டும்.

"ஆமா அத்தை. தப்பு."

அந்தக் குடும்பத்தில் பஞ்சம்மாள் காதுபட அந்த வார்த்தையை ஒருவரும் சொன்னதில்லை.

"அம்மா, விடும்மா," என்றான் சசிதரன்.

"நீ சும்மா இரு. தம்பி, நீ சொல்லு. யார் சொல்றது சரி?"

சுந்தரலிங்கம் அக்காவைப் பார்த்தான். மகளைப் பார்த்தான். வேர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"புள்ள சொல்றது நெசந்தான்க்கா," என்றான். பாதிதான் சத்தம் வந்தது. ஆனாலும் வந்துவிட்டது.

பஞ்சம்மாள் லட்டு டப்பாவை மூடினாள்.

"தோட்டத்துக் கெணறு எம்பேருல இருக்குங்கிறத மறந்துட்ட போல. நாளைக்குக் காலையில மோட்டார் ரூம் சாவி என் வீட்டுக்கு வரணும்."

அந்தக் கிணறு, அப்பா உயிரோடு இருந்த காலத்தில் அவள் கல்யாணத்தின்போது அவளுக்கு எழுதிவைத்தது. அந்தத் தண்ணீரில்தான் இத்தனை வருஷமும் சுந்தரலிங்கத்தின் பன்னீர் திராட்சை விளைகிறது. பந்தலில் இப்போது காய் பிடித்திருக்கிறது. தண்ணீர் இல்லாமல் ஒரு வாரம் தாங்காது. சுந்தரலிங்கத்தின் முகம் வெளுத்துவிட்டது. "அத்தை..." என்றாள் அனுசுயா. முதல் முறையாக அவளுக்குப் பயம் வந்தது.

பவானி இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்தாள். மோட்டார் ரூம் சாவியை வளையத்திலிருந்து நிதானமாகக் கழற்றி நீட்டினாள்.

"நாளைக்கு எதுக்கு மதினி? இந்தாங்க."

பஞ்சம்மாள் கை நீட்டவில்லை. சாவியைக் கேட்டவள் அவள்தான். ஆனால் கொடுத்துவிடுவார்கள் என்று அவள் நினைத்திருக்கவில்லை. பவானி சாவியை லட்டு டப்பாவின் மேல் வைத்தாள்.

மேடையில் மைக் பிடித்தவர் கூடலூர் அணியை அழைத்தார். அனுசுயா நகரவில்லை.

"ஒன்னத்தான் கூப்பிடுறாக. போத்தா," என்றாள் பவானி. "தண்ணிய நான் பாத்துக்கிறேன்."